மலை இருக்கிற பக்கம் மேற்கு

திண்டுக்கல் பூ மார்க்கெட் வாசலில் மாலை கட்டுகிற ரோசலினிடம் வழி கேட்பதும் வம்பை விலை கொடுத்து வாங்குவதும் ஒன்றுதான். வெளியூர்க்காரர் யாராவது வியர்த்து விறுவிறுத்து வந்து நின்று கல்யாண மண்டபம் எங்கே என்று கேட்பார். வாழைநாரிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொல்வாள், "இப்பிடியே தெக்காம போயி மேக்க திரும்புங்க. செத்த தூரம் நடந்து வடக்க பாத்தா மண்டபம்." அதோடு அவர் நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தால் பிழைத்தார். "லெப்டாம்மா, ரைட்டாம்மா?" என்று திருப்பிக் கேட்டால் தொலைந்தார்.

"லெப்டு ரைட்டெல்லாம் நீ திரும்பி நின்னா மாறிப்போகும்ல? கெழக்கு மாறுமா? அந்தா மலைக்கோட்டை தெரியுதுல்ல, அது மேக்கு. பொழுது அதுக்குப் பின்னாடிதான் விழுகும். இதுகூடத் தெரியாமலா இம்புட்டு வயசு சோறு தின்னே?"

இத்தனைக்கும் பூ வாங்க வந்த ஆளாகவும் அவர் இருப்பார். ரோசலினுக்கு அதெல்லாம் கணக்கில்லை. வியாபாரம் போனால் மயிராச்சு என்கிற ரகம் அவள். வாய் மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அந்த மார்க்கெட்டிலேயே பெரிய கடை போட்டிருப்பாள் என்று பக்கத்துக் கடை நல்லுசாமி சொல்வார். அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்.

வடமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, திண்டுக்கல் தோல்ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்த்த கஸ்பாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கஸ்பார் வாயில்லாப் பூச்சி. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ரோசலினே பேசினாள். ஒரே மகள் ரீனா. தொண்ணூற்று மூன்றில் கஸ்பார் நெஞ்சுச் சளி முற்றிச் செத்துப்போனபோது ரீனாவுக்குப் பதின்மூன்று வயது. சவப்பெட்டியை மூடுகிற நேரத்தில், கூடியிருந்த சனம் கேட்க, ரோசலின் சத்தமாகவே சொன்னாள், "உம் மகளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்தா உம் பேருதான் வைப்பேன். கோயில்ல ஞானஸ்நானத் தொட்டிக்கிட்ட நானே தூக்கிட்டு நிப்பேன். நீ நிம்மதியாப் போ."

அழுகைக்கு நடுவில் சொன்னதுதான். ஆனால் ரோசலின் சொன்னால் சொன்னதுதான். அந்த மாதமே பூ மார்க்கெட் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். எழுப்பிவிட வந்த குத்தகைக்காரன் தலையில் பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த வாளித் தண்ணீரைக் கவிழ்த்து இடத்தைப் பிடித்தாள். அதற்குப் பிறகு எவனும் எழுப்ப வரவில்லை.

மருமகனோடு பகை பெண் பார்க்க வந்த அன்றே தொடங்கிவிட்டது. ஜெரோம் பாலசமுத்திரத்துக்காரர். கப்பல் இஞ்சினியர். ஜப்பானில் கோபே என்கிற துறைமுக ஊரில், கப்பல் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. அவர் அக்கா ரூபியைத் திண்டுக்கல்லில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. சம்பந்தம் அவள் மூலமாக வந்தது. ரூபி அன்றைக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்துவிட்டாள். ஜெரோமும் அப்பா அம்மாவும் வந்த கார் சந்துக்குள் சிக்கிக்கொண்டது. எஸ்டிடி பூத்திலிருந்து போன் வந்தது.

"பூத்துலருந்து கெழக்க வாங்க மாப்ள. ரெண்டாவது சந்துல வடக்க திரும்புங்க" என்றாள் ரோசலின்.

"கிழக்குன்னா லெப்டுங்களா, ரைட்டுங்களா?"

சபை நிறைய ஆள். பலகாரம் ஆறிக்கொண்டிருக்கிறது. வேறு தாயாக இருந்தால் நயமாக ஒரு வார்த்தை சொல்லி ஆளை அனுப்பியிருப்பாள். ரோசலின், "இஞ்சினியர்தானே நீங்க? கெழக்கு மேக்கு தெரியாமத்தான் கப்பல் ஓட்டுறீகளா?" என்றாள். அறையிலிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ரூபி சிரிக்கவில்லை. தம்பி வந்து இறங்கியதும் காதோடு காதாக எல்லாவற்றையும் ஓதிவிட்டாள். ரீனாவைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனதால் ஜெரோம் கட்டிக்கொண்டார். ஆனால் அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை அவர்.

கல்யாணமாகி ஜப்பானுக்குப் போன பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. ஜெரோம் அங்கே ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கூடாது, வளர்ந்து விவரம் தெரிந்த பிறகு அவனே விரும்பி எடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ரீனா அதைப் போனில் சொன்ன அன்று ரோசலின் கட்டிக்கொண்டிருந்த மாலையை அப்படியே அறுத்துக் கூடையில் எறிந்தாள். கஸ்பார் பேரனுக்கு ஞானஸ்நானம் இல்லையாம்! அவன் வளர்ந்து முடிவு பண்ணுவானாம்! சோறு ஊட்டுவதற்கு முன்னால் அவனைக் கேட்டுக்கொண்டா ஊட்டுகிறோம்?

இரண்டாயிரத்து மூன்று டிசம்பரில் ரீனாவுக்கு நாள் இன்னும் இருக்கும்போதே வலி கண்டு குறைமாசத்தில் ஆண் குழந்தை பிறந்தது. விசா கிடைத்து ரோசலின் போய்ச் சேர்ந்தபோது சனவரி பாதியாகிவிட்டது. குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தது. பெட்டியில் மிளகு, பூண்டு, சுக்கு, கருப்பட்டி, பேரனுக்கு வெள்ளைச் சட்டை. கைப்பையில், மாதா உருவத்தில் செய்த ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் கோயில் தீர்த்தம்.

"பேரு ஜோயல்ங்க" என்றார் ஜெரோம், வாசலிலேயே.

"நாங்க கஸ்பார்னு நெனச்சிருந்தோம்" என்றாள் ரோசலின், செருப்பைக் கழற்றாமலே.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது குறைவு. "உங்கம்மாகிட்டச் சொல்லு ரீனா, தாளிக்கறப்ப எக்ஸாஸ்ட் பேன் போடணும்னு." "உம் புருசன்கிட்டச் சொல்லு, எனக்கும் காது இருக்குன்னு." நடுவில் ரீனா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அப்பா மாதிரியே வாயைத் திறக்க மாட்டாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சண்டை, எழுந்தால் சண்டை. "எப்பக் குடுக்கப் போறீங்க ஞானஸ்நானம்?" என்று ரோசலின் சுவரைப் பார்த்துக் கேட்பாள். "அவன் பெரியவனாகட்டுங்க" என்று ஜெரோம் தட்டைப் பார்த்துச் சொல்வார். "குறைமாசத்துப் புள்ள. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று அவள் கேட்ட அன்று அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அது பேசக்கூடாத பேச்சுதான். ரோசலினுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. கடித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஜெரோம் ஒரு காரியம் செய்தார். வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் ஜப்பான் எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அத்தையின் கம்பளிக் கோட்டில் ஊக்கு வைத்துக் குத்தினார். "வெளிய போனா வழி தெரியாதுங்க. தொலைஞ்சுட்டா யாராவது பாத்துக் கொண்டாந்து விடுவாங்க" என்றார். திருவிழாவில் பிள்ளைக்குக் குத்துகிற மாதிரி! அதுவும் யாருக்கு? திண்டுக்கல்லுக்கே வழி சொல்கிற ரோசலினுக்கு! அவர் அந்தப் பக்கம் போனதும் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். ரீனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கோபே ஒடுக்கமான ஊர். ஒரு பக்கம் சுவர் மாதிரி மலை, மறுபக்கம் கடல். நடுவில் நீளவாக்கில் ரயில் பாலமும் கடைகளும் பழைய வெள்ளைக்காரர் வீடுகளும். ரோசலின் வந்த மூன்றாம் நாளே மாடியில் துணி காயப்போடும்போது திசையைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? மலை இருக்கிறது. மலை என்றால் மேற்கு. காலையில் வெயிலும் கடல் பக்கமிருந்துதான் சாய்வாக வந்தது. அப்படியானால் கடல் கிழக்கு. சாயங்கால வெயிலை அடுத்த கட்டடம் மறைத்துக்கொண்டதால் பொழுது எங்கே விழுகிறதென்று அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருப்பதாகவும் நினைக்கவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். கீழக்கரைக்காரி, பெயர் சைனம்பு. புருசன் முத்து வியாபாரம். கறிவேப்பிலை கேட்டு வந்தவளிடம் ரோசலின் மெல்ல விசாரித்தாள்.

"இங்க நம்ம கோயில் எங்கம்மா இருக்கு? சாமியாருக்கு இங்கிலீசு தெரியுமா?"

"பக்கந்தான் அக்கா. எங்க வீட்டுக்காரரோட கூட்டாளி ஒருத்தர் அங்கதான் போவாரு. சாயங்காலம் பூசை உண்டு. வாசல்லருந்து கெழக்க நேராப் போங்க. பெரிய ரோடு ஒண்ணு குறுக்க வரும். அதத் தாண்டி வடக்க திரும்புனா சிலுவை தெரியும். நான் வேணா கூட வரட்டா?"

"எதுக்கு? கெழக்கு வடக்குன்னு தெளிவாச் சொல்லிட்டியே. எங்க மாப்ளைக்குத்தான் அது புரியாது" என்றாள் ரோசலின். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒழுங்காகப் பேசத் தெரிந்த ஒரு மனுசியைப் பார்த்த சந்தோஷம் அவளுக்கு.

பிப்ரவரி மாதம் ஒரு மத்தியானம். ஜெரோம் வேலைக்குப் போயிருந்தார். ராத்திரியெல்லாம் விழித்த ரீனா அசந்து தூங்கினாள். வானம் மூடிக் கிடந்தது. ரோசலின் பேரனுக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டு, மேலே கம்பளிச் சட்டை, தலைக்கு ரீனா பின்னிய குல்லா, அதற்கு மேல் தன் சால்வை என்று சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கோட்டுப் பையில் தீர்த்தக் குப்பி. சாமியார் காலில் விழுந்தாவது காரியத்தை முடித்துவிட்டு, ரீனா எழுவதற்குள் திரும்பிவிடுவது என்பது திட்டம். தலையில் தண்ணீர் ஊற்றின பிறகு மருமகன் குதித்து என்ன, கூத்தாடி என்ன? ஊற்றினதை அள்ள முடியுமா?

"வாடா அப்பு, கஸ்பாரு" என்று குழந்தையின் காதில் சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

மலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிரே சரிந்து இறங்குகிற தெரு. கிழக்கு. நடந்தாள். ஒரு பள்ளிவாசல் மினார் தென்பட்டதும் திண்டுக்கல் பேகம்பூர்ப் பள்ளிவாசல் ஞாபகம் வந்து தைரியம் கூடியது. ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, கல் கட்டடங்கள் வரிசையாக நின்ற தெருவைக் கடந்தாள். சைனம்பு சொன்னபடியே பெரிய ரோடு ஒன்று குறுக்கே வந்தது. தலைக்கு மேலே இன்னொரு ரோடும் ஓடியது. 'பாத்தியா, நான் வழி தப்புவேனாம்!' என்று மருமகனை மனசுக்குள் ஒரு பிடி பிடித்தாள். சிக்னலில் கடந்தாள். கிழக்கே பார்த்து நின்றால் வடக்கு இடக்கைப் பக்கம். இடக்கைப் பக்கம் திரும்பிச் சிலுவையைத் தேடினாள்.

சிலுவை இல்லை. கடல் இருந்தது. கொஞ்சம் தள்ளி, வேலி போட்டு வைத்திருந்த பழைய படகுத்துறை ஒன்று உடைந்து பாளம் பாளமாகத் தண்ணீருக்குள் கிடந்தது. விளக்குக் கம்பங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. பூகம்பத்தில் உடைந்ததை அப்படியே விட்டிருக்கிறார்கள் என்று ரீனா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. உடைந்ததைக்கூடக் கட்டிக் காக்கிறார்கள், ஒரு கோயிலுக்கு உயரமாகச் சிலுவை வைக்க மாட்டார்களா என்று எரிச்சலாக வந்தது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் இருக்கும் என்று நடந்தாள். அவள் வடக்கென்று நடந்தது அசல் கிழக்கு. கிழக்கென்று நடந்து வந்தது அசல் தெற்கு. அவளுக்கு அது தெரியாது.

சரக்குக் கிட்டங்கிகள் வந்தன. இரும்புக் கதவுகள், பெரிய பெரிய லாரிகள், உப்பும் டீசலும் கலந்த வாடை. மழை பிடித்துக்கொண்டது. குடை பிடித்து வந்த ஒரு பெண் நின்று, குனிந்து, ஏதோ கேட்டாள். கையால் ஒரு சிலுவை போட்டுக் காட்டியிருந்தாலும் போதும், அவள் கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பாள். ரோசலின், "ஒண்ணுமில்ல, நீ போம்மா" என்று கையை வீசினாள். வாழ்நாளில் அவள் யாரிடமும் வழி கேட்டதில்லை. அதைப் போய் ஜப்பானிலா தொடங்குவாள்?

திரும்பி வந்த வழியே போகலாமென்றால், எந்தச் சந்தில் திரும்பினாள் என்பது குழம்பிவிட்டது. மேகம் இறங்கி மலையையும் மறைத்துவிட்டது. மலை மறைந்ததும்தான் ரோசலின் முதல்முதலாக நடப்பதை நிறுத்தினாள். எந்தப் பக்கமும் திசையாக இல்லை. ஒரு கிட்டங்கியின் தாழ்வாரத்தில் ஒதுங்கிச் சால்வையை விலக்கிப் பார்த்தாள். பசித்து அழுது ஓய்ந்த குழந்தை கண்ணை மூடிக் கிடந்தது. உதடு ஊதாவாக இருப்பது போலப் பட்டது. "அப்பு... ஏலே அப்பு..." என்று கன்னத்தைத் தட்டினாள். அசையவில்லை.

"மாதாவே, எம் புள்ளயக் கொன்னுட்டேனே!"

உயிர் போகிற ஆபத்தில் கிடக்கிற குழந்தைக்குச் சாமியார் வர வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். வடமதுரைப் பக்கம் மருத்துவச்சிகள் கொடுத்திருக்கிறார்கள். ரோசலினுக்கு அந்த மந்திரம் மனப்பாடம். ரீனாவுக்கும் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். குல்லாவைக் கழற்றினாள். குப்பியின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"கஸ்பார், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

சில்லென்ற தண்ணீர் உச்சியில் பட்டதுதான் தாமதம், குழந்தை வீறிட்டது பார், கிட்டங்கியே அதிர்ந்தது! சாகப் போகிற குழந்தை அப்படிக் கத்தாது. அது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். ரோசலின் அழுதாள், சிரித்தாள், சால்வை முனையால் தலையைத் துடைத்துக் குல்லாவை மாட்டினாள். புருசனுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டாள். ஜெயித்தாயிற்று. ஆனால் வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அழுகைச் சத்தம் கேட்டு லாரிக்காரர் ஒருவர் வந்தார். அவர் கூட்டிக்கொண்டு போன இடம் ஒரு சின்ன போலீஸ் அறை. இளவயதுப் போலீஸ்காரர் எழுந்து குனிந்து வணங்கி, நாற்காலி போட்டு, அடுப்பைப் பக்கத்தில் தள்ளி வைத்தார். என்னென்னவோ கேட்டார். "ஜெரோம் வீடு" என்றாள் ரோசலின். "கப்பல் இஞ்சினியர் ஜெரோம்." அவர் தலையைச் சொறிந்தார். கோட்டை வாங்கி உதறிப் பார்த்தார். ஊக்கு குத்தின ஓட்டைதான் இருந்தது. கடைசியில் குழந்தையின் முகத்தைத் துடைக்கக் குல்லாவைக் கழற்றினவர், உள்பக்கத்தைப் பார்த்ததும் "ஆ!" என்றார். குல்லாவுக்குள் ஒரு வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருந்தது. அதில் கறுப்பு மையில் ஜப்பான் எழுத்து. கீழே போன் நம்பர்.

தையல் ரீனாவுடையது. வெளியே தெரியாத அந்தக் குருட்டுத் தையலை மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே ரோசலின்தான். அம்மா சீட்டைக் கிழிப்பாள் என்று தெரிந்து, அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவாள் என்றும் தெரிந்து, ஒரு வார்த்தை பேசாமல் தைத்து வைத்திருக்கிறாள். ரோசலினுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

போலீஸ்காரர் போன் போட்டதும் ரீனாவும், வேலையிலிருந்து வந்துவிட்டிருந்த ஜெரோமும் வந்தார்கள். ரீனாவின் காலில் ஒரு செருப்பு அவளுடையது, ஒரு செருப்பு அவருடையது. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். ஜெரோம் அத்தையைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய ஊர்ப் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"மலை இங்க வடக்குங்க அத்தை. கடல் தெற்கு. இந்த ஊர்ல யாரும் திசை சொல்ல மாட்டாங்க, மலைப் பக்கம், கடல் பக்கம்னுதான் சொல்லுவாங்க. யாரையாவது கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்க." நிறுத்தி, ரசித்து, அடுத்ததைச் சொன்னார். "கிழக்கு மேக்கு தெரியாத இஞ்சினியர் சொல்றனுங்க."

மூன்று வருசமாகச் சேர்த்து வைத்திருந்தார் மனுசன். "திங்கக்கிழமை பிளைட்டுக்கு மாத்திடறேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்று ரீனாவிடம் சொல்லிவிட்டு, போலீஸ்காரரிடம் பேச வெளியே போனார்.

ரீனா குழந்தையின் தலையைத் தடவினாள். கை நின்றது. குல்லாவைப் புரட்டிப் பார்த்தாள்.

"குல்லா வெளிய காஞ்சிருக்கு. உள்ள மட்டும் ஈரமா இருக்கு. எப்பிடிம்மா?"

"மழை."

ரீனா கோட்டுப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்த காலிக் குப்பியைப் பார்த்தாள்.

"ஊத்திட்டியா?"

ரோசலின் நிமிர்ந்தாள். "ஆமாடி, ஊத்திட்டேன். என்ன பண்ணுவே? பண்ணு. உங்கப்பன் பேரையே வச்சிட்டேன். இனி உம் புருசன் தலைகீழா நின்னாலும் இவன் கஸ்பாருதான்."

ரீனா சிரித்தாள். அது நல்ல சிரிப்பில்லை.

"அந்தப் பேரு அவனுக்குப் பொறந்த ராத்திரியே வச்சாச்சு. கண்ணாடிப் பெட்டியில குழாய் சொருகிப் போட்டிருந்தாங்க. விடியுமான்னு தெரியாதுன்னாங்க. இவரு வெளிய டாக்டர்கிட்டப் பேசிட்டிருந்தாரு. நர்சம்மா கைய உள்ள விடச் சொன்னா. பஞ்சு உருண்டையத் தண்ணியில நனச்சு நானே தலையில புழிஞ்சு விட்டேன். நீ சொல்லிக்குடுத்த மந்திரந்தான்."

ரோசலின் காலிக் குப்பியைப் பைக்குள் அழுத்தித் தள்ளினாள்.

"ஒருவாட்டி குடுத்தா முடிஞ்சுச்சு, ரெண்டாவதாக் குடுக்கக்கூடாதுன்னு சொன்னவளும் நீதானே? அப்பறம் எதுக்கும்மா எம் புள்ளைய இந்தக் குளிருல தூக்கிட்டு வந்தே?"

"ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியா? வந்த நாள்லருந்து 'எப்பக் குடுக்கப் போறீங்க, எப்பக் குடுக்கப் போறீங்க'ன்னு கத்துனியே, 'குடுத்தாச்சாடி'ன்னு எங்கிட்டத் தனியா ஒருவாட்டி கேட்டியா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீ யாரையும் கேக்க மாட்டே."

வெளியே ஜெரோம் போலீஸ்காரருக்குக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார். ரீனா குரலைத் தாழ்த்தினாள்.

"இது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என் வாழ்க்கையில பாதி போச்சு. ரூபி அண்ணி ஊர்லதான் இருக்காங்க. மார்க்கெட்ல உக்காந்து இத ஒருத்தர்கிட்ட நீ வாயத் தொறந்தேன்னு வச்சுக்க, அன்னையோட எனக்கு அம்மா இல்ல."

திங்கட்கிழமை ரோசலினை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ரீனா விமான நிலையத்துக்கு வரவில்லை.

திண்டுக்கல்லில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் சாக்கை விரித்துப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். வந்தவர் போனவரெல்லாம் பேரனை விசாரித்தார்கள். "என்ன பேரு வச்சிருக்கு?" "ஜோயல்." "ஞானஸ்நானம் ஆச்சா?" "ஆகல." பங்குக் கோயில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். கஸ்பாரின் சவப்பெட்டியருகே அவள் போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள் பல பேர் இன்னும் உயிரோடுதான் இருந்தார்கள். "ஊரையே கட்டி மேய்க்கிறவ, பெத்த மககிட்ட ஒரு பேரு வாங்க முடியலையே" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள் ஒருத்தி. பழைய ரோசலினாக இருந்தால் வாளித் தண்ணீர் அவள் தலையில்தான். இவள் நாரைத் தண்ணீரில் நனைத்து முடிச்சுப் போட்டாள்.

நல்லுசாமிக்கு இந்த அமைதி பிடிபடவில்லை. "ஏந்தாயி, உடம்புக்கு முடியலையா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். இல்லையென்று தலையாட்டினாள். 'அவன் பேரு கஸ்பாரு. அவன் ஆத்தாளே வச்ச பேரு' என்று கத்த வேண்டும் போல ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை நெஞ்சு முட்டிக்கொண்டு வரும். வந்த வேகத்தில் விழுங்குவாள். மகள் மாதம் ஒருமுறை போன் பண்ணினாள். குழந்தை நன்றாக இருக்கிறான், முகம் பார்த்துச் சிரிக்கிறான், கவிழ்ந்துவிட்டான் என்பாள். பேரைச் சொல்ல மாட்டாள். ரோசலினும் கேட்க மாட்டாள்.

மே மாதத்தில் ஒருநாள் ரூபி வந்தாள். கல்யாண மாலை ஒரு ஜோடி சொல்லத்தான் வந்தாள், ஆனால் அதற்காக மட்டும் வரவில்லை. நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்து, சத்தமாகக் கேட்டாள்.

"ஏங்க அத்தை, ஜப்பான்ல வழி தெரியாமத் தொலைஞ்சு போயி, போலீஸ்தான் புடிச்சுக் குடுத்துதாமே? தம்பி சொன்னான். பச்சப் புள்ளையத் தூக்கிட்டு மழையில அப்பிடி எங்கதான் போனீங்க?"

நல்லுசாமி தராசைப் பிடித்தபடி நின்றார். பூ வாங்க வந்தவர்கள் ரோசலினின் வாயையே பார்த்தார்கள். வாளி கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எதிரே கூரைகளுக்கு மேல் மலைக்கோட்டை தெரிந்தது.

"கோயிலுக்குப் போனேன்" என்றாள் ரோசலின். "வழி தெரியல. யாரையும் கேக்கவும் இல்ல. தொலைஞ்சுதான் போனேன்."

ரோசலின் நாரை எடுத்துக்கொண்டு, மாலைக்கு ரோஜாவா செவ்வந்தியா என்று கேட்டாள்.